ஓர் ஆள் கயாக்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் பஞ்சாபகேசன் வீட்டுக்குள் போகிறவர்கள் யாரானாலும் முதல் தடவை முழங்காலை இடித்துக்கொள்வார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் இடித்துக்கொண்டிருக்கிறான். மீட்டர் பார்க்க வருகிறவர் இடித்துக்கொண்டிருக்கிறார். ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் கொண்டுவந்த வாத்தியார் இடித்துக்கொண்டு, "சிவ சிவா" என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். கூடத்துச் சுவரை ஒட்டிப் பன்னிரண்டு அடி நீளத்துக்கு மஞ்சளாக ஒரு பிளாஸ்டிக் படகு கிடந்தால் இடிக்காமல் என்ன செய்யும்? அமெரிக்காவில் மீன் பிடிக்கிறவர்கள் ஒற்றை ஆளாக உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டு போகிற படகு அது. கயாக் என்று பெயர். தெருவில் அதை மஞ்ச வள்ளம் என்பார்கள்.

மீன் வாசனையே ஆகாத தெருவில் மீன்பிடிப் படகுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். எல்லாரும் கேட்டாயிற்று. அது மகேஷ் கொண்டுவந்தது. பஞ்சாபகேசனுக்கு மகேஷ் ஒரே பிள்ளை. மின்னசோட்டாவில் ஏழு வருஷம் இருந்தான். அங்கே வீட்டைவிட ஏரி அதிகம் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலோடு கிளம்பிவிடுவானாம். பிடித்த மீனைத் தட்டிக்கொடுத்துத் தண்ணீரிலேயே திருப்பி விட்டுவிடுவானாம். தின்னவும் இல்லை, விற்கவும் இல்லை, பிறகு எதற்குப் பிடிப்பானேன்? பிள்ளை செய்கிற காரியத்துக்குக் காரணம் கேட்கிற வழக்கம் பஞ்சாபகேசனுக்கு இல்லை.

2004இல் டெக்னோபார்க்கில் வேலை கிடைத்து, மனைவி ஸ்மிதாவோடு மகேஷ் திருவனந்தபுரத்துக்கே வந்துவிட்டான். கப்பலில் வந்த சாமான்களோடு கயாக்கும் வந்தது. பஞ்சாபகேசனின் மனைவி சீதாலக்ஷ்மி இறந்துபோய் மூன்று வருஷம் ஆகியிருந்த வீடு. சாதம் வடித்து, ரசம் வைத்து, ஒரு மணையைப் போட்டுத் தனியாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தவர் பஞ்சாபகேசன். திடீரென்று வாசலில் மூன்று ஜோடி செருப்பு. குளியலறைக் கதவைத் தட்டிக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்மிதாவின் கம்ப்யூட்டர் கரண்ட் கட்டில் அணைந்துவிடக் கூடாதென்று இன்வெர்ட்டர் வந்தது. மனிதர் அந்த ஒன்றே முக்கால் வருஷமும் காலையில் எழுந்திருக்கும்போதே சிரித்துக்கொண்டு எழுந்தார்.

கயாக்கில் அவர் போனது ஒரே ஒரு தடவை. 2006 ஜனவரி, வெள்ளாயணிக் காயல். மகேஷ் தன் ஆசனத்தில் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் சாமான் வைப்பதற்கென்று ஒரு குழி உண்டு. அதில் அப்பாவை முழங்காலை மடக்கி உட்கார வைத்துவிட்டான். "ஆடாம இருங்கோப்பா. ஒண்ணும் ஆகாது" என்றான். தாமரை பூத்த தண்ணீரில் முக்கால் மணி நேரம். மகேஷ் திரும்பிப் பார்க்காமல் ஏதேதோ சொல்லிக்கொண்டே துடுப்புப் போட்டான். காற்றில் பாதி காதில் விழவில்லை. பஞ்சாபகேசன் பிள்ளையின் முதுகைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவன் சின்ன வயதில் சைக்கிளில் அவர் பின்னால் உட்கார்ந்து வந்த நாட்களில்கூட அவ்வளவு நேரம் இருவரும் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. தன் கல்யாணத்தன்று இருந்ததைவிட அன்று சந்தோஷமாக இருந்ததாக அவரே பிற்பாடு சொன்னார். சீதாலக்ஷ்மி கேட்டிருந்தால் கோபித்திருப்பாள்.

மே மாதம் கம்பெனி மகேஷைத் திருப்பிக் கூப்பிட்டது. "ரெண்டு வருஷம்தாம்பா" என்றான். கயாக்கைக் காட்டி, "இது இங்கயே இருக்கட்டும். நான் வரத்தானே போறேன்" என்றான். அதோடு பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றையும் சாய்த்து வைத்தான். பேட்டரியில் ஓடுகிற மோட்டார். படகில் மாட்டிவிட்டால் துடுப்பே போட வேண்டாம், சத்தமில்லாமல் போகும். "அடுத்த தடவை வந்து நானே மாட்டறேன். ரெண்டு பேருமா ஜாலியாப் போலாம்."

இதிலிருந்து பஞ்சாபகேசன் ஒரு கணக்குப் போட்டார். திரும்பி வராதவன் படகை விற்றிருப்பான். மகேஷ் விற்கவில்லை. ஆகவே வருவான். பொதுமராமத்து ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த மனுஷன், கோடு கோணினால் ராத்திரி தூக்கம் வராதவர், இந்த ஒரு கணக்கை மட்டும் இரண்டாம் தடவை சரிபார்க்கவே இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் கயாக்கைத் துடைப்பார். ஆசனத்துக்கு முன்னால், காலை ஊன்றிக்கொள்ள இரண்டு பக்கமும் கால்மிதி இருந்தது. ஆளின் கால் நீளத்துக்கு ஏற்றபடி பல் பல்லாக நகர்த்திக்கொள்ளலாம். அது மகேஷின் கால் அளவில் நின்றது. துடைக்கிறபோது அது நகர்ந்துவிடக் கூடாதென்று அந்த இடத்தில் மட்டும் விரல் நுனியால் துடைப்பார். சாயங்காலம் பின்குழியில் ஒரு தலையணையைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஆம், கூடத்தில், படகில். முன்னால் ஆசனம் காலியாக இருக்கும். அதில் உட்கார்ந்தால் சௌகரியம்தான், ஆனால் அது மகேஷின் இடம் அல்லவா!

அடுத்த வீட்டுக் கல்யாணராமன் ஒரு நாள் ஜன்னல் வழியாக இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டார். பாங்கியில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் சும்மா இருக்காது.

"என்ன ஓய் பஞ்சு, துறைமுகம் எவ்வளவு தூரம் இருக்கு?"

"பேப்பர் படிக்கறேன் ஓய்."

"வித்துத் தொலையும். எடத்தை அடைச்சுண்டு."

"பிள்ளை சாமானை விக்க நான் யாரு? அவன் வந்து ஓட்டுவான்" என்று பஞ்சாபகேசன் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

மகேஷ் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குப் போன் செய்வான். ஏழு மணிக்கே குளித்துவிட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். 2007 அக்டோபரில் ஒரு ஞாயிறு அவன் சொன்னான்: "டிசம்பர் இருபதாம் தேதி வரோம்பா. மூணு வாரம்."

மூன்று வாரத்தில் மாமனார் வீட்டுக்கு ஒரு வாரம் போய்விடும், குருவாயூருக்கு இரண்டு நாள், கல்யாணம் கார்த்திகை என்று நாலு நாள். வந்தபிறகு மோட்டார் மாட்ட உட்கார்ந்தால் தண்ணீரில் இறங்க நேரம் ஏது? நாமே மாட்டி வைத்துவிடலாம், அவன் வந்த முதல் ஞாயிறே இரண்டு பேரும் வெள்ளாயணிக்குப் போய்விடலாம் என்று பஞ்சாபகேசன் முடிவு செய்தார். அன்று பத்து மணிக்கே அட்டைப்பெட்டியைப் பிரித்தாயிற்று.

உதவிக்கு அவர் கூப்பிட்ட ஆள் சொரிமுத்து. ஆரியசாலைச் சந்து ஒன்றில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். அம்பாசமுத்திரத்துக்காரர், இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இவர் வீட்டு இன்வெர்ட்டர் அவர் மாட்டியதுதான். வந்தவர் வழக்கப்படி முழங்காலை இடித்துக்கொண்டு, தேய்த்துவிட்டுக்கொண்டே மோட்டாரைத் தூக்கிப் பார்த்தார். மேலே பிடியும் வேகம் கூட்டுகிற திருகும், நடுவில் நீளமாக ஒரு குழாய், அடியில் சின்ன விசிறி. சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்.

"நல்ல சாதனமாக்கும் சாமி. பன்னெண்டு வோல்ட்டு. பேட்டரி நல்லாப் பெருசா வேணும்."

"புதுசா ஒண்ணு குடுங்கோ."

"புதுசு எதுக்கு? ஒங்க இன்வெர்ட்டர்ல கெடக்கே, அது இதுக்கு மதி, தாராளமாப் போதும். கழட்டிப் போட்டுருவோம்." சொரிமுத்து வீட்டை ஒரு பார்வை பார்த்தார். மனதில் கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சொன்னார்: "ஒத்த ஆளுக்கு எதுக்கு சாமி இன்வெர்ட்டரு? ஒரு மெழுவர்த்தி போதும்லா."

பஞ்சாபகேசன் இன்வெர்ட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார். சொரிமுத்து அதைக் கவனிக்கவில்லை. அவர் கயாக்கைச் சுற்றி வந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்குழியிலிருந்த தலையணையை எடுத்து வெளியே வைத்துவிட்டு, முழம் போட்டு அளந்தார்.

"பேட்டரிக்கு எடம் இந்தா இருக்குல்லா. அளவெடுத்துச் செஞ்ச மாரி!"

"அங்க வேண்டாம்" என்றார் பஞ்சாபகேசன்.

"ஏன் சாமி?"

"அது நான் உக்கார்ற எடம்."

சொரிமுத்து தலையணையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "அப்பம் முன்னாடிதான் வைக்கணும். முன்னாடி வச்சா மூக்குக் குத்திரும். வயரும் நீளமாப் போயி கரண்டு எறங்கும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, நான் வெள்ளிக்கெழம வாரேன்."

யோசிக்கிறதென்றால் பஞ்சாபகேசனுக்குப் படம் போடுவதுதான். பரணிலிருந்து டிராயிங் போர்டை இறக்கினார். கயாக்கை அளந்து கிராப் தாளில் மேலிருந்து பார்த்தாற்போல் வரைந்தார். ஆசனத்தில் மகேஷ், பின்குழியில் தான். பேட்டரிக்குச் சின்னதாக ஒரு சதுரம். அந்தச் சதுரத்தை முன்னால் வைத்தார், நடுவில் வைத்தார், தன் மடியில்கூட வைத்துப் பார்த்தார். நாலு நாளில் ஏழு படம். எல்லாப் படத்திலும் மகேஷைக் கொஞ்சம் சின்னதாக வரைந்திருந்தார், இடம் கிடைக்கட்டுமென்று.

எடை விஷயம் அப்புறம்தான் கண்ணில் பட்டது. படகின் உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: முந்நூற்றைம்பது பவுண்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. கிலோவுக்கு மாற்றினால் நூற்றைம்பத்தெட்டு. மகேஷ் எண்பத்திரண்டு. பேட்டரி முப்பத்திரண்டு. மோட்டார் ஒன்பது, அதை மாட்டப் பலகை நாலு. தான் அறுபத்தொன்று. கூட்டினால் நூற்றெண்பத்தெட்டு வந்தது. கீழிருந்து மேலே கூட்டினார். அப்போதும் நூற்றெண்பத்தெட்டுத்தான். மோட்டார் இல்லாமல் இரண்டு பேர் போகலாம், மோட்டாரோடு ஒருத்தர்தான் போகலாம்.

சரி, மோட்டாரே வேண்டாம் என்று விட்டிருக்கலாமே? அதுதான் நடக்கவில்லை. போன ஞாயிறு மகேஷ் பேச்சுவாக்கில், தோள்பட்டை வலி என்றும், டாக்டர் கையை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றும் சொல்லியிருந்தான். தான் பின்னால் உட்கார்ந்துகொண்டு, துடுப்புப் போட முடியாதவனைத் துடுப்புப் போட வைப்பதா? பஞ்சாபகேசன் எட்டாவதாக ஒரு படம் வரைந்தார். ஆசனத்தில் மகேஷ், முழு அளவில். பின்குழியில் சதுரம். தாளின் ஓரத்தில் கரை. கரையில், பென்சிலால் ஒரு சின்னக் கோடு, அதன் மேல் ஒரு வட்டம். அது அவர்.

வெள்ளிக்கிழமை சொரிமுத்து வந்ததும் படத்தைக் கொடுத்தார். "அங்கயே வெச்சுடுங்கோ. நான் கரையில நின்னுப்பேன். அவன் ஓட்டறதைப் பாத்தாப் போதும்."

"அது எப்பிடி சாமி? ஒங்களுக்கும் ஆசை இருக்கும்லா?"

"அதொண்ணும் சாரமில்லை, பரவாயில்லை" என்றார். சாரமில்லை என்று சொன்ன முகத்தைச் சொரிமுத்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஸ்பானரைக் கீழே வைத்திருப்பார்.

மோட்டாரைப் பிடித்துக்கொள்ளப் படகின் குறுக்கே ஒரு பலகை வேண்டும். மரக்கடைக்குப் போக வேண்டியதில்லை என்று பஞ்சாபகேசன் பூஜை அறையிலிருந்து நீள மணையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையையும் பெண்ணையும் சேர்த்து உட்கார வைக்கிற மணை. பலாமரம், ஒன்றரை அங்குலக் கனம், அறுபது வருஷத்தில் ஒரு இழைகூட விரியவில்லை. அவரும் சீதாலக்ஷ்மியும் உட்கார்ந்தது, அப்புறம் மகேஷும் ஸ்மிதாவும் உட்கார்ந்தது.

சொரிமுத்து டிரில்லிங் மெஷினைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "ஐயோ, இதுலயா? நல்ல காரியத்துக்கு உள்ள பலகைல்லா. என் கையால ஓட்டை போட மாட்டேன்."

"இந்த ஆத்துல இனிமே யாருக்குக் கல்யாணம்? போடுங்கோ."

கடைசியில் பஞ்சாபகேசனே பென்சிலால் புள்ளி வைத்து, மெஷினை வாங்கித் துளை போட்டார். நாலு துளை, நாலும் மயிரிழை பிசகவில்லை. மணை படகின் குறுக்கே ஆசனத்துக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்தது, வலது ஓரத்தில் மோட்டார் தொங்கியது. இன்வெர்ட்டர் பேட்டரியைச் சொரிமுத்து மூச்சைப் பிடித்துத் தூக்கிவந்து பின்குழியில் இறக்கினார். சிவப்பு வயரில் ஒரு ஃபியூஸ், பேட்டரியைச் சுற்றி ஒரு வார்ப்பட்டை. தலையணை உள்ளறைக்குப் போயிற்று.

சோதித்துப் பார்க்க மோட்டாரையும் பேட்டரியையும் கழற்றிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், மோட்டாரைத் தொட்டியில் இறக்கினார்கள். பஞ்சாபகேசன் திருகை முதலில் ஒன்றாம் எண்ணில் வைத்திருக்கலாம். நேரே ஐந்தில் வைத்தார். தொட்டித் தண்ணீர் மொத்தமும் சுவரைத் தாண்டிக் கல்யாணராமன் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த எட்டு முழ வேட்டியின் மேல் போய் விழுந்தது.

"ஓய்! கப்பல் கிளம்பியாச்சா?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் வந்தது.

"கிளம்பியாச்சு, கிளம்பியாச்சு!" என்று பஞ்சாபகேசன் கத்தினார். நனைந்த சட்டையோடு சொரிமுத்து சிரித்துச் சிரித்துத் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

டிசம்பர் இரண்டாம் தேதி ஞாயிறு. ஏழரைக்குப் போன் வந்தது. மோட்டார் மாட்டியதை அதுவரை அவர் சொல்லவில்லை, வந்து பார்க்கட்டும் என்று வைத்திருந்தார். அன்று வாய் கொள்ளவில்லை, சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மகேஷ் முந்திக்கொண்டான்.

"அப்பா, இந்த டிசம்பர் முடியாது போலிருக்கு. வீடு வாங்கியிருக்கோம். அடுத்த வாரம் குடி போறோம்."

"வீடா? பேஷ், பேஷ்" என்றார் பஞ்சாபகேசன்.

"ஏரிக்கரையிலயே இருக்குப்பா. பின்பக்கக் கதவைத் திறந்தா தண்ணி. அதனால புதுசா ஒரு கயாக் வாங்கிட்டேன். இது ரெண்டு பேர் உக்காரறது. முன்னால ஸ்மிதா, பின்னால நான். அவளே துடுப்பும் போடறா, அதனால எனக்குத் தோள் வலி இல்லை."

"ரெண்டு பேர் உக்காரறதா?"

"ஆமாம்பா. அதான் சொல்ல வந்தேன், அங்க இருக்கறதை யாருக்காவது குடுத்துடுங்கோ. வெறுமனே எடத்தை அடைச்சுண்டு கெடக்கு. இனிமே அதுக்கு அங்க என்ன வேலை?"

"சரி" என்றார். உடம்பைப் பார்த்துக்கோ என்றார். ஸ்மிதாவைக் கேட்டதாகச் சொல்லு என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கூடம் முழுக்க அந்த மஞ்சள் படகுதான் தெரிந்தது. அதன் பின்குழியில் பேட்டரி உட்கார்ந்திருந்தது. அவர் உட்கார ஓர் இடம் இல்லாமல், போன் ஸ்டூலிலேயே திரும்ப உட்கார்ந்து, சத்தம் வராமல் கொஞ்ச நேரம் அழுதார். சீதாலக்ஷ்மி போனபோது ஊரே வந்து கூட இருந்தது. இதற்கு யாரைக் கூப்பிட்டு என்னவென்று சொல்வது?

அதற்கப்புறம் இரண்டு வாரம் அவர் கயாக்கைத் துடைக்கவில்லை. சாயங்காலம் அரை மணி கரண்ட் போகும். அக்கம்பக்கத்தில் இன்வெர்ட்டர் விளக்கு எரியும், இவர் வீடு மட்டும் இருட்டில் கிடக்கும். பேட்டரியை எடுத்து மறுபடி இன்வெர்ட்டரில் மாட்டச் சொல்லலாம்தான். சொல்லவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது வாரம் சொரிமுத்துவே வந்தார். இந்தத் தடவை கவனமாகச் சுற்றிக்கொண்டு வந்தும் முழங்கால் இடித்தது.

"சாமி, ஒங்க மோன் எப்பம் வாரான்? இருபதாந்தேதின்னு சொன்னீங்க."

"வரலை. அங்கயே வீடு வாங்கியாச்சு. இதைக் குடுத்துடச் சொல்லிட்டான்."

சொரிமுத்து மெழுகுவர்த்தியைப் பார்த்தார், நாலு துளை போட்ட மணையைப் பார்த்தார். ஆறுதல் சொல்ல வராத மனுஷர். அவருக்குக் கோபம்தான் வந்தது. "குடுக்கது பொறவு குடுக்கலாம். ஒரு தடவ தண்ணியில விட்டுப் பாக்காண்டாமா? ரெண்டு நாளு கடையப் பூட்டிட்டுச் செஞ்ச வேலைல்லா சாமி. ஓடுதா ஓடலயான்னு எனக்குத் தெரியணும். ஞாயித்துக்கெழம வெளுக்க ஆறரைக்குப் பெட்டி ஆட்டோ கொண்டாரேன்."

"ஞாயித்துக்கிழமை ஏழரைக்குப் போன் வரும்."

"வந்தா வரட்டு" என்று சொல்லிவிட்டுச் சொரிமுத்து இறங்கிப் போய்விட்டார்.

ஞாயிறு காலை ஆறரைக்கு ஆட்டோ வந்தது. பஞ்சாபகேசன் குளித்து, விபூதி இட்டு, குடையோடு தயாராக நின்றார். மகேஷ் விட்டுப்போன ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டியபோது அது அவர் மேல் தொளதொளவென்று தொங்கியது. கல்யாணராமன் வாசலில் நின்று பார்த்தார். என்ன தோன்றிற்றோ, ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்ற உதவினார்.

வெள்ளாயணியில் காற்றே இல்லை. படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். பின்குழியில் பேட்டரி, குறுக்கே மணை, வலது பக்கம் மோட்டார். பாக்கியிருந்தது மகேஷின் ஆசனம் மட்டும்தான். பஞ்சாபகேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். காலை நீட்டினால் கால்மிதி எட்டவில்லை. நாலு விரல் தூரம். ஊன்றாத காலோடு உட்கார்ந்தால் உடம்பு நிற்கவில்லை, படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

முழங்கால் தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டிருந்த சொரிமுத்து சொன்னார்: "சாமி, அந்தக் கட்டையக் கிட்ட இழுத்துப் போடுங்க. அவன் நெட்டையன்லா. ஒங்க காலுக்கு வச்சுக்கிடுங்க."

பஞ்சாபகேசன் உடனே கை வைக்கவில்லை. ஒன்றரை வருஷமாக விரல் நுனியால் துடைத்துக் காப்பாற்றின இடம். சட்டைப்பையில் பென்சில் இருந்தது. பழைய இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வைத்துவிடலாம். பென்சிலை எடுத்தார். கால்மிதியின் ஓரத்தில் வைத்தார். பிறகு, கோடு போடாமலே பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு, இடது கால்மிதியை அழுத்தி இழுத்தார். கடக், கடக், கடக் என்று மூன்று பல் வந்தது. வலதையும் இழுத்தார். இரண்டு பாதமும் கச்சிதமாகப் பதிந்தன. படகு ஆடுவது நின்றது.

"விடுங்கோ" என்றார்.

திருகை இந்தத் தடவை ஒன்றில் வைத்தார். சத்தமே இல்லை. தண்ணீர் மட்டும் பின்னால் லேசாகச் சுழித்தது. பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போயிற்று; இரண்டு தடவை நாணலில் போய் முட்டிக்கொண்டு, "அடாடா" என்று தன்னையே திட்டிக்கொண்டு, மூன்றாம் தடவை பிடிபட்டது. தூண்டில் செருக வைத்திருந்த ஓட்டையில் குடையை விரித்துச் செருகினார், அதற்கென்றே செய்தது போல நின்றது. சின்ன வள்ளத்தில் தாமரை பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் இந்த அதிசயத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினாள்.

"மீன் கிட்டியோ சாமீ?"

"மீன் வேண்டாம்."

"பின்னே எந்தினா?"

எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? "வெறுதே" என்றார். சும்மாத்தான். அவள் சிரித்துக்கொண்டே ஒரு தாமரையை அவர் படகின் மூக்கில் எறிந்தாள்.

நடுக்காயலில் மோட்டாரை நிறுத்தினார். கடிகாரத்தைப் பார்த்தார். ஏழரை. ஸ்ரீவராகத்தில் இப்போது போன் அடித்துக்கொண்டிருக்கும். அடித்து நின்று, மறுபடி அடிக்கும். அந்தப் போன் ஆளில்லாத கூடத்தில் அடிப்பது அதுதான் முதல் தடவை. பழக்கத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்து, முன்னால் முதுகு இல்லை என்று நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தார். பின்னால் பேட்டரி வார்ப்பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்று மகேஷ் காற்றில் சொன்ன பாதிப் பேச்சு என்னவாக இருந்திருக்கும், அப்போதே திருப்பிக் கேட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டார். கரையில் சொரிமுத்து சின்னப் புள்ளியாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பஞ்சாபகேசனும் கையை ஆட்டினார், திருகை இரண்டில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து படகை இறக்கி, கூடத்தில் பழைய இடத்திலேயே கிடத்திச் சொரிமுத்துவை அனுப்பும்போது பத்து மணி. போன் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா! எங்க போயிருந்தேள்? ஏழரையிலேர்ந்து அஞ்சாறு தடவை அடிச்சுட்டேன். பயந்தே போயிட்டோம்."

"கொஞ்சம் வெளியில போயிருந்தேன்டா."

"ஞாயித்துக்கிழமையா? சரி, கயாக் என்னாச்சு? யாராவது கெடைச்சாளா?"

பஞ்சாபகேசன் திரும்பிப் பார்த்தார். படகிலிருந்து சொட்டிய தண்ணீர் கூடத்துத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கில் தாமரை அப்படியே இருந்தது.

"கெடைச்சார். குடுத்தாச்சு."

"யாருப்பா?"

"இங்க ஸ்ரீவராகத்துலயே. ஒரு கிழவர். ஆத்துல வேற யாரும் இல்லை, தனியா இருக்கார்."

"கிழவரா? அவர் எதுக்குப்பா கயாக்கை வெச்சுண்டு? கால்மிதியை அவர் உயரத்துக்கு நகர்த்திக்கச் சொல்லுங்கோ, இல்லேன்னா பாலன்ஸ் வராது."

"நகர்த்திண்டுட்டார்" என்றார் பஞ்சாபகேசன்.

"அப்போ நல்லதாப் போச்சு" என்றான் மகேஷ்.